இசக்கி அடித்த பாடம்

போட்டோ மூன்று தடவை எடுத்தார்கள். முதல் தடவை இசக்கி லேப்டாப்பைப் பார்த்தாள். இரண்டாவது தடவையும் அதையேதான் பார்த்தாள். "கண்ணு, லேப்டாப் எங்கயும் போயிராது சாமி, கேமராவைப் பாருங்க" என்று எச்.ஆர். அனிதா மேடம் அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். சிரிக்கச் சொன்னால் என் மகளுக்குச் சிரிக்க வராது, பல்லைத்தான் காட்டுவாள். முன்பல் ஒன்று இன்னும் முளைக்கவில்லை. அந்த ஓட்டையோடு எடுத்த படத்தைத்தான் பிறகு பெரிதாகப் போட்டு, கம்பெனி வாசலில், விருந்தாளிகள் உட்காரும் இடத்தில் மாட்டினார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் தினமும் அதைத் தாண்டித்தான் வருகைப் பஞ்ச் வைக்கப் போகிறேன்.

சாப்பாட்டு ஹாலில் பேனர் கட்டி, பலூன் ஊதி, எங்கள் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் பன்னிரண்டு பேரை வரிசையாக நிற்கவைத்துக் கொடுத்தார்கள். நாங்கள் தைக்கிற டி-ஷர்ட்டை வாங்குகிற வெளிநாட்டுப் பையர் கம்பெனி தன் செலவில் தருகிறதாம். லேப்டாப் என்றதும் ஆபீசில் ஆர்டர் பார்க்கிற மெர்ச்சண்டைசர் பையன்கள் தோளில் மாட்டிக்கொண்டு வருகிறதை நினைத்துவிடாதீர்கள். தடித்த பிளாஸ்டிக், மஞ்சள் கைப்பிடி, கீழே விழுந்தாலும் உடையாதாம். இங்கிலீஷ் எழுத்துக்குப் பக்கத்தில் தமிழ் எழுத்து ஒட்டியிருந்தது, அதில் 'ழ' ஏற்கெனவே கோணலாக உரிந்துகொண்டு வந்தது. மலிவுச் சாமான் என்று கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஒன்பது வருஷமாகத் துணியில் பிசிறு பார்த்தே வயிறு கழுவுகிறவளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் இசக்கி அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

அதற்கு முன்னாலும் அவளிடம் ஒரு லேப்டாப் இருந்தது. பேக்கிங்கில் கிழிந்துபோன அட்டைப்பெட்டியிலிருந்து நான் கொண்டுவந்த துண்டை இரண்டாக மடித்து, ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டி, எழுத்து எழுதி வைத்திருந்தாள். ஒரு வருஷம் அதில்தான் விரலால் தட்டித் தட்டி விளையாடினாள். "என்னட்டி அடிக்க?" என்று கேட்டால் "ஆபீஸ் வேலைங்கம்மா, தொந்தரவு பண்ணாதீங்க" என்பாள். நாங்கள் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் இந்த 'ங்க' வராது. திருப்பூரில் பிறந்து திருப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படிக்கிறவளுக்கு நாயைக் கூப்பிட்டாலும் 'வாங்க'தான். அவள் அப்பா முனீஸ், சாயப்பட்டறையில் வேலை, "என் மவ ஊருக்குப் போனா இவ யாரு வீட்டுப் பிள்ளைன்னு கேப்பானுவ" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். பெயர் இசக்கிப்ரியா. 'ப்ரியா' பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் மட்டும்.

எனக்கு அவளைப் பற்றி ஒரே ஒரு வைராக்கியம் உண்டு. என்னை ஒன்பதாவதோடு நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து இங்கே, துணி ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷின். இவள் அந்த ஸ்டூலில் உட்காரக் கூடாது. அவ்வளவுதான். கலெக்டர் ஆக வேண்டும், டாக்டர் ஆக வேண்டும் என்றெல்லாம் எனக்குப் பேராசை கிடையாது. ஏ.சி. ரூமில் உட்கார்ந்து தட்டுகிறார்களே, அந்த மாதிரி ஏதோ ஒன்று. அதற்கு இந்த மஞ்சள் கைப்பிடிப் பெட்டி ஒரு வாசல் என்று அன்றைக்கு நான் முழுசாக நம்பினேன். கூறுகெட்டவள்.

பலூனெல்லாம் அவிழ்த்த பிறகு அனிதா மேடம் பன்னிரண்டு அம்மா அப்பாக்களையும் தனியாகக் கூப்பிட்டார். "லேப்டாப்பை ஊட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. பிள்ளைங்க நல்லாப் பழகோணும். அடுத்த மாசம் ஆடிட்டுக்கு வர்றவங்க முன்னாடி என்ன கத்துக்கிட்டாங்கன்னு காட்டோணுமுங்க. ஆடிட் நல்லபடியா முடிஞ்சா அது பாப்பாளுக்கே சொந்தமுங்க. முடியலீன்னா, பையர் ஆர்டரையும் எடுத்துக்குவான், இதையும் எடுத்துக்குவான்." சொல்லும்போதெல்லாம் அவர் முகத்தில் சிரிப்பு மாறாது. இந்த ஊரில் கெட்டதையும் நல்லதையும் ஒரே மரியாதையில் சொல்வார்கள், எது என்று நாம்தான் பிரித்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கு வந்து சொன்னபோது முனீஸ் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சும்மா குடுக்க மாட்டான் விஜி. என்னத்தையோ கேப்பான்" என்றார். அந்த மனுஷன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும்.

கேட்டது அடுத்த வாரமே வந்தது. இரண்டு பக்கம் ஜெராக்ஸ், இருபத்திரண்டு கேள்வி, கேள்விக்குக் கீழே பதில். வேலைக்காரர்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கப் பையர் அனுப்புகிற ஆடிட்டர் மிஷினுக்கு மிஷின் வந்து யாரை வேண்டுமானாலும் கேட்பார், எல்லோரும் இதை மனப்பாடம் பண்ணியிருக்க வேண்டும். புதிய சமாசாரம் ஒன்றும் இல்லை. வருஷா வருஷம் நடக்கிறதுதான். எங்கள் லைன் சூப்பர்வைசர் மோகன்ராஜ் சார் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்பார். வேலை நேரம்? காலை எட்டரை முதல் மாலை ஐந்தரை வரை. ஞாயிறு? விடுமுறை. கூடுதல் வேலை? விருப்பம் இருந்தால் மட்டும், இரட்டைச் சம்பளம். வேலையில் காயம்? ஏற்பட்டதில்லை. எனக்கு ஐந்தாவதுக்கு மேல் நிற்காது. உண்மை என்றால் மறக்காது, இது ஒன்றின் வால் இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்ளும். "ஞாயிறு இரட்டைச் சம்பளம்" என்று ஒருநாள் உளறி, மொத்த லைனும் சிரித்தது. மோகன்ராஜ் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏனுங்க விஜயராணி, உங்க ஒருத்தராலதான் ஆர்டரே போகப் போகுது" என்றார். அன்றைக்கே பேப்பரை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

அதற்குள் இசக்கி தமிழ்ப் புத்தகத்தில் ஏழு பாடம் அடித்து முடித்திருந்தாள். ஒரு விரலால், எழுத்து எழுத்தாகத் தேடி. காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் பத்து நிமிஷம், வந்ததும் விளக்கு வைக்கிற வரைக்கும். சாப்பிடக் கூப்பிட்டால் 'சேவ் பண்ணிட்டு வர்றேனுங்க' என்பாள். அந்தச் சொல்லை எங்கே பிடித்தாளோ. ஞாயிற்றுக்கிழமை நான் வேலை முடிந்து இரண்டு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றுகிறேன், "அம்மா, அடிக்கிறதுக்குப் பாடம் தீர்ந்து போச்சுங்க, வேற ஏதாச்சும் குடுங்க" என்று நிற்கிறாள். வீட்டில் வேறு என்ன காகிதம் இருக்கிறது? கரண்ட் பில்லும் ரேஷன் கார்டும்தான். பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து நீட்டினேன். "இதை அடி. அப்படியே என்னையும் கேள்வி கேளு, எனக்கும் மனப்பாடம் ஆகும்." ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று மனசுக்குள் என்னையே மெச்சிக்கொண்டேன்.

அவள் முதல் கேள்வி கேட்டாள். நான் பதில் சொன்னேன். "தப்புங்கம்மா" என்றாள். "ஏட்டி, பேப்பரைப் பார்த்துச் சொல்லு, அஞ்சரைன்னுதான போட்டிருக்கு?"

"பேப்பர்ல அஞ்சரைன்னுதானுங்க இருக்கு. ஆனா நீங்க ஒம்பது மணிக்குத்தான வர்றீங்க?"

"அது அப்படித்தான். நீ அடி."

அவள் பேப்பரைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஓ, இது 'சரியா தவறா'ங்களாம்மா?" என்று கேட்டாள். அவர்கள் புத்தகத்தில் ஒவ்வொரு பாடத்துக்குப் பின்னாலும் அது உண்டு. ஒரு வாக்கியம் கொடுத்திருப்பான், சரி என்றால் சரி போட வேண்டும், தவறு என்றால் தவறு போட்டுத் திருத்தி எழுத வேண்டும். அதில் அவள் கில்லாடி. நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எவ்வளவோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். 'ஆமா' என்றுதான் சொல்லித் தொலைத்திருப்பேன். ஏனென்றால் அந்த நேரம் பார்த்துக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.

எங்கள் காம்பவுண்டில் எட்டு வீட்டுக்கு ஒரு குழாய். ஒன்பது நாள் கழித்துத் தண்ணீர் வந்தால் யாருக்கும் பிள்ளை, புருஷன் என்று எதுவும் கண்ணுக்குத் தெரியாது. நான் குடத்தோடு ஓடினேன். இசக்கி வாசற்படியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு அங்கிருந்தே கத்திக் கத்திக் கேட்டாள்.

"அம்மா, ஞாயித்துக்கெழமை லீவுங்களா?"

"இப்பதான வந்து நிக்கேன், கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"ஓவர்டைமுக்கு ரெட்டைச் சம்பளமுங்களா?"

"ஒத்தைக்கே இழுத்துக்கிட்டுக் கெடக்கு, இதுல ரெட்டையாம்."

குழாயடியில் எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு மாரக்காள், அவளும் பனியன் கம்பெனிதான், வேறு கம்பெனி, "கேளு கண்ணு, இன்னும் நல்லாக் கேளு" என்று எடுத்துக்கொடுத்தாள். சிரிக்கச் சிரிக்க எனக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வாரம் முழுக்க அந்தப் பதில்களை நெட்டுருப் போட்டுப் புளித்துப்போன வாய். உண்மையைச் சத்தம் போட்டுச் சொல்ல எவ்வளவு நன்றாக இருக்கிறது!

"உங்க விரல்ல ஊசி ஏறுனது எங்கீங்கம்மா?"

"ஒங்கப்பன் தலையில. கம்பெனியிலதாண்டி, தீவாளி ஆர்டர் அன்னைக்கு."

"கம்பெனி வேன்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்களா?"

"மோகன்ராஜ் சாரு பிட்டுத் துணியச் சுத்தி விட்டு, லைன் நிக்கக் கூடாதுன்னாரு. அதையும் போட்டுக்கோ."

விளக்கு வைக்கிற நேரத்தில், பத்தாவது குடமும் பிடித்து முடித்து இடுப்பை நிமிர்த்தியபோது அவள் லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினாள். திரை முழுக்க எழுத்து. இன்னும் கீழே கீழே இழுத்தாள், அங்கேயும் எழுத்து. கரிக்கட்டியில் 'அ' போட்ட என் வம்சத்தில் ஒருத்தி இவ்வளவு அடித்திருக்கிறாள். மாரக்காளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "யாத்தே, இம்புட்டா!" என்று அவள் கன்னத்தில் கை வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு இசக்கிக்குத் திருஷ்டி கழித்தேன். எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். ஒன்பதாவது வரை படித்தவள். ஆனால் அன்றைக்கு நான் அதைப் பார்த்தேனே தவிர வாசிக்கவில்லை.

ஆடிட் ஒரு வியாழக்கிழமை வந்தது. அன்றைக்கு எங்கள் கம்பெனியைப் பார்த்தால் எங்களுக்கே வேலை கேட்டுப் போகலாம் போல இருக்கும். தீயணைக்கிற சிலிண்டருக்கு முன்னால் மலை மாதிரிக் குவித்திருந்த துணிப் பீஸ் கட்டுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. பாத்ரூமில் சோப்பு. முதலுதவிப் பெட்டிக்குச் சாவி கிடைத்திருந்தது. பூட்டியே கிடக்கும் குழந்தைகள் அறையில் பொம்மைகள் உட்கார்ந்திருந்தன. பன்னிரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடத்துக்கு லீவு போடச் சொல்லிக் கம்பெனி வேனிலேயே அழைத்து வந்து சாப்பாட்டு ஹாலில் லேப்டாப்போடு உட்காரவைத்தார்கள். இசக்கிக்குப் பள்ளிச் சீருடையைத் துவைத்துத் தேய்த்து, இரட்டைச் சடை போட்டு அனுப்பியிருந்தேன். போகும்போது, "சார் கேட்டா பயப்படாமக் காட்டு" என்று நானேதான் சொல்லிவிட்டேன்.

பதினோரு மணி இருக்கும். மோகன்ராஜ் சார் என் மிஷினுக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது. "விஜயராணி, ஆபீஸ் ரூமுக்கு வரச் சொல்றாங்க" என்றார். பின்னாலேயே வந்து, என் காதுக்குக் கிட்டே, "உங்க பாப்பா என்னத்தையோ எழுதி வெச்சிருக்குது. நானூறு பேர் சோறு, பார்த்துக்கங்க" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போகிற வழி முழுக்க இருபத்திரண்டு பதிலையும் மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போனேன்.

கண்ணாடி அறை அது. உள்ளே ஆடிட்டர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயசுதான். தரணீதரன் என்று கழுத்தில் அட்டை தொங்கியது. சென்னைப் பேச்சு. எதிரே நாற்காலியில் கால் தரையில் எட்டாமல் இசக்கி. அனிதா மேடத்தை அவர் வெளியே இருக்கச் சொல்லிவிட்டார், தொழிலாளியிடம் தனியாகப் பேச வேண்டுமாம். மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆடிட்டர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். அப்போதுதான் வாசித்தேன்.

'கேள்வி 2. ஞாயிற்றுக்கிழமை விடுமுறையா? விடை: ஆம். தவறு. திருத்தி எழுதுக: அம்மா இன்று வேலைக்குப் போய் இரண்டு மணிக்கு வந்தார்.' 'கேள்வி 17. வேலையில் காயம் பட்டதுண்டா? விடை: இல்லை. தவறு. திருத்தி எழுதுக: அம்மா விரலில் ஊசி ஏறியது. மோகன்ராஜ் சார் துணி சுற்றினார். லைன் நிற்கக் கூடாது.' ஒரு எழுத்துப் பிழை இல்லை. எல்லாவற்றுக்கும் கடைசியில், டீச்சர் போடுகிற மாதிரிக் கோடு கிழித்து, மதிப்பெண்ணும் போட்டிருந்தாள். இருபத்திரண்டுக்கு மூன்று. குடிதண்ணீர் உண்டா, கழிவறை உண்டா, கம்பெனியின் பெயர் என்ன. அந்த மூன்றும்தான் சரி.

"இதை யார் எழுதினது?" என்று ஆடிட்டர் கேட்டார்.

"நானுங்க" என்றாள் இசக்கி. குரலில் பெருமை. என்னைப் பார்த்து, முளைக்காத பல்லோடு இளித்தாள். தான் ஏதோ பரிசு வாங்கப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"எப்படிம்மா இவ்ளோ கரெக்டா தெரியும் உனக்கு?"

"அம்மாதானுங்க சொன்னாங்க."

அவர் என்னிடம் திரும்பினார். அவசரப்படுத்தவில்லை, பயமுறுத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அக்கா, இங்க சொல்றது வெளியே போகாது. உங்க பேர் எங்கயும் வராது. இது உண்மையா?" என்றார். பேர் வராதாம். கண்ணாடிக்கு வெளியே ஒருத்தி நிற்கிறாள், உள்ளே இருக்கிறது நானும் என் பிள்ளையும் மட்டும்தான், பேர் வராமல் பின்னே ஊரா வரும்? போன வருஷம் மாரக்காள் வேலை பார்த்த கம்பெனியில் இப்படித்தான் ஒருத்தி வாயைத் திறந்தாள். பையர் ஆர்டரை எடுத்துக்கொண்டு போனான். முதலாளி இரண்டு மாசம் பூட்டிப் போட்டு, வேறு போர்டு மாட்டித் திறந்தார். அவருக்கு ஒரு மயிரும் போகவில்லை. மாரக்காளும் இன்னும் இருநூறு பேரும்தான் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக வேலை கேட்டார்கள். நான் இசக்கியின் கையைப் பார்த்தேன். மேஜைக்கு எட்டி, லேப்டாப்பின் மஞ்சள் கைப்பிடியை ஒரு விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"பொய் சார்" என்றேன். "புள்ளைக்குக் கதை கட்டுத பழக்கம் உண்டு. இல்லாததை எல்லாம் சொல்லுவா. பள்ளிக்கூடத்துல டீச்சரே எங்கிட்டச் சொல்லியிருக்காவ."

எங்கிருந்து வந்தது அந்த டீச்சர் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. இருபத்திரண்டு பதிலில் அது இல்லை. நானே புதிதாகக் கட்டினேன்.

"கையைக் காட்டுங்க." காட்டினேன். ஆள்காட்டி விரலில் நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்திருக்கும், மறைக்க முடியாது. "அருவாமனையில பட்டது சார். வீட்ல. மீன் வெட்டும்போது."

இசக்கியின் முகத்தில் இளிப்பு இன்னும் அப்படியே இருந்தது. அதை எடுக்க வேண்டுமா வேண்டாமா என்று அவளுக்கே தெரியவில்லை. ஆடிட்டர் அவள் பக்கம் குனிந்தார். "பாப்பா, அம்மா சொல்றது நிஜமா? நீ எழுதினது பொய்யா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது. என் வயிற்றில் பிறந்தது அல்லவா. நாற்காலியிலிருந்து இறங்கினாள். பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டாள்.

"ஆமாங்க சார். நான்தானுங்க பொய் எழுதிட்டேன்" என்றாள். அப்புறம், யாரும் கேட்காமலே, சுவரைப் பார்த்து ஆரம்பித்தாள். "வேலை நேரம் காலை எட்டரை மணி முதல் மாலை ஐந்தரை மணி வரை. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. கூடுதல் வேலை விருப்பம் இருந்தால் மட்டும். கூடுதல் வேலைக்கு இரட்டைச் சம்பளம்..." எனக்கு ஐந்துக்கு மேல் நிற்காதது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அடித்து அடித்து மனப்பாடம் ஆகியிருந்தது. ஆறோ ஏழோ போய்விட்டது. "போதும் பாப்பா" என்றார் ஆடிட்டர். அவள் நிறுத்தவில்லை. "போதும்மா!" என்று சத்தமாகச் சொன்ன பிறகுதான் நிறுத்தினாள்.

அவர் பேனாவை எடுத்தார். "நீங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும். வேற ஏதாவது சொல்லணுமா?" அந்த ஆள் என்னை நம்பவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. நம்பாதே, நம்பாதே, நீயாகவே கண்டுபிடித்து எழுது என்று உள்ளுக்குள் கிடந்து அடித்துக்கொண்டேன். வாய், "ஒண்ணும் இல்ல சார்" என்றது. எழுதிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அனிதா மேடம் என் தோளில் கை போட்டார். "நெம்ப நல்லாப் பேசுனீங்கக்கா. பாப்பாளும் என்ன கெட்டிக்காரி பாருங்களேன்." இசக்கியின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் கொடுத்தார். "லேப்டாப்பை மட்டும் ரெண்டு நாளைக்கு இங்கயே வெச்சுட்டுப் போங்க சாமி, அப்டேட் பண்ணித் தர்றோம்." இசக்கி எதுவும் கேட்காமல் நீட்டினாள். போட்டோ எடுக்கும்போது அதை விட்டுக் கண்ணை எடுக்காதவள்.

சாயங்காலம், ஆடிட் நாள் என்பதால் உண்மையிலேயே ஐந்தரைக்கு விட்டார்கள். அவளை அழைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். பாதி வழியில் அவள் என் கையை விட்டுவிட்டு நின்றாள்.

"அம்மா, டீச்சர் எப்பங்கம்மா அப்படிச் சொன்னாங்க?"

"என்ன சொன்னாவ?"

"நான் பொய் சொல்லுவேன்னு."

நான் அங்கேயே ரோட்டில் உட்கார்ந்து அழுதிருக்க வேண்டும். அவளைக் கட்டிப் பிடித்து, டீச்சர் சொல்லவே இல்லை, உன் அம்மாதான் புளுகி என்று சொல்லியிருக்க வேண்டும். கம்பெனி வேன் ஒன்று பக்கத்தில் ஊர்ந்து வந்தது, ஜன்னலில் எங்கள் லைன் ஆட்கள். "பேசாம வாட்டி, பஸ் போயிரும்" என்றேன். அவள் வந்தாள். அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தில் டீச்சரைப் பார்த்தபோது, "இப்பெல்லாம் தெரிஞ்சாக்கூட கையத் தூக்க மாட்டேங்கறா, என்னன்னு பாருங்க" என்றார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆடிட் பாஸ். ஆளுக்கு ஒரு லட்டு டப்பா. லேப்டாப்பும் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தது. துடைத்து எடுத்திருந்தார்கள். கேள்வி பதில் மட்டும் இல்லை, ஏழு பாடமும் போயிற்று, அவள் வரைந்து வைத்திருந்த வீடும் மயிலும் போயிற்று. உரிந்த 'ழ'வைப் புதிதாக ஒட்டிக் கொடுத்திருந்தார்கள், அது ஒன்றுதான் லாபம். முனீஸ் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "வேற என்ன செஞ்சிருப்ப, விடு" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு மாசம் ஆகிறது. இசக்கி அதைத் திறக்கவே இல்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, இரண்டு மணிக்கு வந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. "ஏட்டி, தொறந்து ஏதாவது அடியேன். நம்மளுக்கே சொந்தமாக்கிட்டோம்லா?" என்றேன்.

"என்னங்கம்மா அடிக்கட்டும்?" என்றாள். முறைப்பு இல்லை, கோபம் இல்லை. "நீங்க சொல்லுங்க, அதையே அடிக்கிறேன்."

நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். அவள் லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்தாள். ஆனால் மூடியைத் திறக்கவில்லை. மூடிய பெட்டி மேல் நோட்டை விரித்து, பென்சிலை எடுத்து வீட்டுப்பாடம் எழுதத் தொடங்கினாள். எழுத நல்ல பலகை. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"அம்மா, 'சூரியன் கிழக்கே உதிக்கும்.' இதுக்கு என்னன்னு போடட்டுங்க? சரின்னுங்களா, தவறுன்னுங்களா?"

விளையாடுகிறாளோ என்று திரும்பிப் பார்த்தேன். பென்சிலைக் கட்டத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.